வேகத்தை இழக்காத குண்டு

நீண்ட தூரக் குறிப்போட்டிக்கென்று ஒரு ரைபிளைத் தனியாகச் செய்துகொள்ள நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது தோட்டாவை. ரைபிள் அதற்குப் பின்னால்தான் வரும். குழலின் உள்விட்டம், உள்ளே ஓடும் புரியின் நெருக்கம், தோட்டா உட்காரும் அறையின் நீளம், போல்ட்டின் முகம், தோளில் விழும் உதையைத் தாங்கும் கட்டையின் எடை என்று எல்லாவற்றுக்கும் அளவு சொல்வது தோட்டாதான். பாதியில் மனம் மாறினால் குழலையே கழற்றி வேறு போட வேண்டியிருக்கும்.

பித்தளை உறை, அதன் அடியில் தட்டினால் பற்றும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. இவற்றில் பேச்சில் அதிகம் அடிபடுவது மருந்தின் பலம். எவ்வளவு வேகத்தில் பாயும், எவ்வளவு பலமாக அடிக்கும் என்றே கேட்கிறார்கள். வேட்டைக் காலத்திலிருந்து வந்த கேள்வி அது. 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு தாளின் நடுவில் குண்டு விழ வேண்டும் என்றால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். புறப்பட்ட வேகத்தில் எவ்வளவை அந்தக் குண்டு வழியில் தொலைக்கிறது? தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும்.

இதை முதன்முதலில் அளந்து பார்த்தவரின் வாழ்க்கை தமிழ்நாட்டுக் கடற்கரையில்தான் முடிந்தது. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1742இல் பீரங்கிக் கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கனமான மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டு அதில் சுடுவார். குண்டு பதிந்ததும் கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று அளந்து, குண்டின் வேகத்தைக் கணக்கிடுவார். கட்டையைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டபோது, போகப் போக வேகம் எப்படிக் குறைகிறது என்பதும் தெரிந்துவிட்டது. கனமான ஈயக்குண்டைக் காற்று பெரிதாகத் தடுக்காது என்றே பீரங்கிக்காரர்கள் அதுவரை நம்பியிருந்தார்கள். உண்மையில் வேகமாகப் பறக்கும் குண்டைக் காற்று பின்னிழுக்கும் விசை, அந்தக் குண்டின் எடையைப்போலப் பல மடங்கு என்று ராபின்ஸ் காட்டினார். ஒலியின் வேகத்தை ஒட்டி அந்தத் தடை திடீரென்று ஏறுவதையும் கவனித்தார். கணித மேதை ஆய்லர் இந்த நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கங்கள் சேர்த்தார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக, கோட்டைகளைச் சீரமைக்க ராபின்ஸ் இங்கே வந்தார். 1751இல் கடலூரின் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். உலகெங்கும் குறிபார்ப்பவர்கள் இன்று கைபேசியில் வைத்திருக்கும் குண்டுப்பாதைச் செயலிகள் எல்லாவற்றுக்கும் வேர் அந்த மரக்கட்டை ஊசலில் இருக்கிறது. கடலூரில் அவர் பெயரைச் சொல்லும் ஒரு பலகையாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வேகம் தொலைவதால் குண்டுக்கு என்ன கெடுதல்? சீக்கிரம் கீழே இறங்கிவிடும் என்பது எல்லோருக்கும் தோன்றும் பதில். அது உண்மை. .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவின் 175 கிரெயின் எடையுள்ள குண்டு நொடிக்கு 792 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால், 100 கெஜத்துக்குச் சரிசெய்த பார்வையில் 1000 கெஜத்தில் சுமார் 10 மீட்டர் கீழே விழும். பயமுறுத்தும் எண்தான். ஆனால் இதனால் யாரும் போட்டியில் தோற்பதில்லை. புவியீர்ப்பு நேற்றும் இன்றும் ஒன்றுதான். எத்தனை சொடுக்கு மேலே ஏற்ற வேண்டும் என்று ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டு, அன்றைய வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் சிறிது திருத்திக்கொண்டால் போதும். இறக்கம் கணக்கில் அடங்குகிறது.

பக்கக்காற்று அப்படி அடங்குவதில்லை. அது எப்படிக் குண்டை நகர்த்துகிறது என்பதைப் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். காற்று பக்கவாட்டில் மோதித் தள்ளுவதாகத் தோன்றும். நடப்பது வேறு. புரியால் சுழன்றுகொண்டு போகும் குண்டு, தன்மேல் எதிர்ப்படும் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கு மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. நேர் எதிரே இருந்து வருவது குண்டின் சொந்த வேகத்தால் உண்டாகும் காற்று. இடமிருந்து வீசும் இளங்காற்று அதோடு சேர்ந்தால் மூக்கு இடப்பக்கம் துளி திரும்பும். அப்போது பின்னிழுக்கும் தடையும் துளி சாய்ந்துவிடுகிறது. அந்தச் சாய்ந்த தடையின் பக்கவாட்டுப் பங்குதான் குண்டை வலப்பக்கம் இழுத்துச் செல்கிறது. ஆகவே தடையே இல்லாத ஒரு குண்டைக் கற்பனை செய்தால், புயலில் சுட்டாலும் அது விலகாது.

19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் பீரங்கிப்படை அதிகாரி இசிடோர் திதியோனின் பெயரால் வழங்கும் ஒரு விதி இதை எளிய கணக்காக்குகிறது. குண்டு இலக்கை அடைய உண்மையில் எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுங்கள். காற்றே இல்லாத வெற்றிடத்தில் அதே வேகத்தில் புறப்பட்டால் எடுத்திருக்கும் நேரத்தை அதிலிருந்து கழியுங்கள். கிடைப்பது தாமதம். அந்தத் தாமதத்தைப் பக்கக்காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் வந்துவிடும். மேலே சொன்ன .308 குண்டு வெற்றிடத்தில் 1.15 நொடியில் 914 மீட்டரைக் கடக்கும். உண்மையில் சுமார் 1.7 நொடி ஆகிறது. தாமதம் 0.55 நொடி. நொடிக்கு ஒரு மீட்டர் வேகப் பக்கக்காற்று அதை 55 சென்டிமீட்டர் தள்ளிவிடும். நொடிக்கு ஒரு மீட்டர் என்பது மணிக்கு 3.6 கிலோமீட்டர்தான். மெல்ல நடப்பவரின் வேகம் அது, வேப்பமர இலை லேசாக அசையும், அவ்வளவுதான். எஃப்-கிளாஸ் என்ற நீண்ட தூரப் போட்டியில் 1000 கெஜத்துத் தாளின் பத்தாம் வளையம் சுமார் 25 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. இலை அசைந்ததைக் கவனிக்காமல் விட்டவர், பத்தாம் வளையத்தைத் தாண்டி வெகுதூரம் வெளியே சுட்டிருப்பார்.

இப்போது 6.5 கிரீட்மோரை எடுங்கள். ஹார்னடி நிறுவனம் 2007இல் கொண்டுவந்த தோட்டா. பெயர் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் 1873இல் திறந்த பழைய குறிமைதானத்திலிருந்து வந்தது. குண்டு 140 கிரெயின், .308இன் குண்டைவிட எடை குறைவு. புறப்படும் வேகம் நொடிக்கு சுமார் 823 மீட்டர், .308ஐவிட நான்கு விழுக்காடுதான் அதிகம். மருந்தும் .308 அளவுக்குத்தான். உதை குறைவு. ஆனால் 1000 கெஜத்துக்கு அது எடுக்கும் நேரம் சுமார் 1.52 நொடி, தாமதம் 0.41 நொடி. அதே இளங்காற்றில் விலகல் 41 சென்டிமீட்டர். 14 சென்டிமீட்டர் குறைந்த இந்த விலகல்தான் பதினைந்து ஆண்டுகளில் உலக நீண்ட தூரப் பயிற்சியின் போக்கை மாற்றியது.

எடை குறைந்த குண்டு எப்படிக் காற்றை நன்றாகக் கிழிக்கிறது? மொத்த எடையைப் பார்க்கக் கூடாது. முன்முகப் பரப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்குப் பின்னாலும் எத்தனை கிராம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1962 சீனப் போர் வரை இந்தியச் சிப்பாய் தூக்கிச் சுமந்த .303 ரைபிளின் ஏழாம் மார்க் குண்டில் அது சுமார் 23 கிராம். .308இன் 175 கிரெயின் குண்டில் 23.6. கிரீட்மோரின் 140 கிரெயின் குண்டில் 25.7. குண்டு மெலிந்து நீண்டிருக்கிறது. மூக்கு கூர்மையாக நீள்கிறது, வால் படகின் பின்புறம்போல ஒடுங்குகிறது. ஏழாம் மார்க் குண்டுக்கோ வால் மழுங்கல். நொடிக்கு 744 மீட்டரில் புறப்படும் அது 1000 கெஜத்தை அடையும்போது ஒலியின் வேகத்தருகே வந்துவிடும்.

ஒலியின் வேகத்தருகே வருவதில் ஆபத்து இருக்கிறது. ராபின்ஸ் கவனித்த அந்தத் தடைமேடு அங்கேதான். ஒலியைவிட வேகமாகப் போன குண்டு அதைக் கடந்து கீழிறங்கும்போது, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் அதிர்வலைகள் இடம் மாறுகின்றன. சுழற்சி குறைந்த பம்பரம்போல் குண்டு தலையாட்டத் தொடங்கும். தாளில் துளைகள் சிதறும். ஆகவே நீண்ட தூரத் தோட்டாவுக்கு முதல் நிபந்தனை, இலக்கை அடையும்வரை குண்டு ஒலியை முந்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பது. பால்மா என்ற நீண்ட தூரப் போட்டியில் 155 கிரெயின் குண்டுக்குள் நின்றாக வேண்டியவர்கள் 30 அங்குல நீளக் குழல் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். நீளக் குழல் புறப்படும் வேகத்தைக் கூட்டித் தரும். 1000 கெஜத்தில் ஒலிக்கு மேலே நிற்க அது போதும்.

இந்தக் கணக்கின் அழகை நான் மிகத் தெளிவாகப் பார்ப்பது மிகச் சிறிய தோட்டாவில். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் போட்டிக்கு .22 லாங் ரைபிள் தோட்டாதான். 2024இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது அதில்தான். கடையில் இரண்டு வகை கிடைக்கும். வேகமான ரகம் நொடிக்கு 380 மீட்டரில் புறப்படும். போட்டி ரகம் 330ஐத் தாண்டாது. விரைவாகப் போய்ச் சேரும் குண்டைக் காற்று குறைவாகத்தான் நகர்த்தும் என்று நினைத்தால் வேகமான ரகத்தைத்தான் எடுக்கத் தோன்றும். ஆனால் அந்தக் குண்டு ஒலியின் வேகத்துக்கு மேலே புறப்பட்டு, மிக அதிகமான தடைக்குள்ளேயே பயணம் செய்து, 50 மீட்டருக்குள் வேகத்தைக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதன் தாமதம் போட்டி ரகத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. விலகலும் அதே அளவு கூடும். மெதுவாகப் புறப்படும் குண்டே காற்றில் நேராகப் போகிறது. பத்தாம் வளையம் வெறும் 10.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள இலக்கில் இந்த வித்தியாசம் பதக்கத்தைத் தீர்மானிக்கும்.

*

இதையெல்லாம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சமவெளிக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில், சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்ட குன்றில் நின்று மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவராக நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் போன்ற இடுக்குகள் வழியாகவும் மலைமுகட்டைத் தாண்டியும் இந்தப் பக்கம் இறங்குகிறது. தென்காசியிலிருந்து கயத்தாறுவரை காற்றாலைகள் நிற்பதும், கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையம் அமைந்ததும் இந்தக் காற்றால்தான். ஆனி, ஆடியில் அது நொடிக்கு ஐந்து மீட்டர் வீசுவது பெரிய செய்தியே அல்ல. அந்தக் காற்றில் .308 குண்டு 1000 கெஜத்தில் இரண்டே முக்கால் மீட்டர் விலகும். கிரீட்மோர் இரண்டு மீட்டர். விலகலாவது திருத்திக்கொள்ளக்கூடியது. மலையடிவாரக் காற்று சீராக வீசாது என்பதுதான் சிக்கல். சரிவில் மோதிக் கவிழ்ந்து, அலையலையாக, ஒரு நிமிடம் வலுத்து மறுநிமிடம் அடங்கி வரும். ஐந்து மீட்டர் என்று நினைத்துத் திருத்தியவருக்கு நான்கு மீட்டர் வீசினால், திருத்தமே பிழையாகிவிடும். தாமதம் குறைந்த தோட்டா இந்தத் தவற்றைச் சிறிதாக்கிக் கொடுக்கிறது. வேறு எந்த நன்மையையும்விட நான் இதைப் பெரிதாக நினைக்கிறேன்.

காற்றைப் படிக்க இந்தச் சமவெளியில் ஓர் உதவியும் உண்டு. சித்திரை வெயிலில் தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் இலக்கின் முன் கானல் ஓடும். காற்றில்லாத நேரத்தில் அது நேராக மேலே கொதிக்கும். இளங்காற்றில் சாய்ந்து ஓடும். பலத்த காற்றில் படுத்துத் தட்டையாகிவிடும். அனுபவம் உள்ளவர்கள் கொடியைவிடக் கானலை நம்புகிறார்கள். இன்னொன்றும் நினைவில் வேண்டும். இலக்குக்கு அருகே வீசும் காற்றைவிடச் சுடுபவருக்கு அருகே வீசும் காற்று அதிகக் கெடுதல் செய்யும். தொடக்கத்தில் பட்ட விலகல் மீதித் தூரம் முழுவதும் வளர்ந்துகொண்டே போகுமே.

வெப்பம் இங்கே ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிறது. 38 டிகிரி வெயிலில் காற்று, 15 டிகிரியில் இருப்பதைவிட ஏழெட்டு விழுக்காடு இலேசாகிறது. தடை குறைகிறது. ஈரக்காற்று கனமானது என்ற எண்ணமும் தவறு. நீர் மூலக்கூறு நைட்ரஜனைவிடவும் ஆக்சிஜனைவிடவும் எடை குறைந்தது என்பதால் புழுக்கம் காற்றைத் துளி இலேசாக்கத்தான் செய்யும். குன்னூர் உயரத்துக்கு ஏறினால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அங்கே எல்லாத் தோட்டாவும் நல்ல தோட்டாவாகத் தெரியும். ஆனால் வெப்பம் உறைக்குள் இருக்கும் மருந்தையும் தொடுகிறது. சூடேறிய மருந்து வேகமாக எரிந்து அழுத்தத்தை ஏற்றும். சில மருந்துகளில் 20 டிகிரி வெப்ப மாற்றத்துக்குப் புறப்படும் வேகம் நொடிக்குப் பத்து மீட்டர் வரை மாறுகிறது. 1000 கெஜத்தில் பத்து மீட்டர் வேக வித்தியாசம் என்றால் குண்டு 20 சென்டிமீட்டருக்கும் மேலே ஏறியோ இறங்கியோ விழும். பத்தாம் வளையம் முழுவதும் அதிலேயே போய்விட்டது. தோட்டாப் பெட்டியை வெயிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது என்பது இங்கே வெறும் ஒழுக்கவிதி அல்ல. வெப்பத்துக்கு அசையாத மருந்து கொண்ட தோட்டாவைத் தேடுவது, நம் ஊரில் குண்டின் வடிவத்தைத் தேடுவதற்கு அடுத்த இடத்தில் இருக்க வேண்டும்.

மருந்தின் கதையிலும் தமிழ்நாட்டுக்கு இடமுண்டு. சிவகாசிப் பட்டாசில் இருக்கும் கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாக எஞ்சும். புகையும் கசடும் அதுதான். 1884இல் பிரான்ஸில் பால் வியே புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்ததும் உலகின் எல்லா ரைபிளும் ஒரே தலைமுறையில் பழசாகிவிட்டன. பிரிட்டன் 1889இல் கார்டைட்டை உருவாக்கியது. நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் உள்ள அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எழுந்த கார்டைட் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. 2021 அக்டோபரிலிருந்து அது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் பாதிக்கு மேல். அதன் சூட்டில் குழலின் தொண்டை, அதாவது புரி தொடங்கும் இடம், சீக்கிரம் அரித்துப்போனது. போயர் போர் அனுபவத்துக்குப் பின் அந்தப் பங்கை 30 விழுக்காடாகக் குறைத்தார்கள்.

தொண்டை அரிப்பு இன்றும் தோட்டாத் தேர்வின் மையத்தில் இருக்கிறது. சிறிய துளை வழியே நிறைய மருந்தை எரித்தால் வேகம் கிடைக்கும், குழல் செத்துப்போகும். 6.5-284 நார்மா என்ற தோட்டா 1000 கெஜத்தில் மிக அழகாகச் சுடும். ஆனால் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சுற்றுகளில் குழலின் கூர்மை போய்விடும். கிரீட்மோருக்கு இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் வரை. .308க்கு அதைவிடவும் அதிகம். பயிற்சியே இந்த விளையாட்டின் உயிர். குழல் தேயுமே என்று பயந்து சுடாமல் இருப்பவருக்கு எந்தத் தோட்டாவாலும் பயனில்லை.

குண்டு நீளமானால் புரியும் நெருங்க வேண்டும். உல்விச் ராணுவக் கல்லூரியில் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று புரி வேண்டும் என்று தெரியும். கிரீட்மோரின் நீண்ட குண்டுக்கு ஏழரை அங்குலத்தை ஒட்டி விடை வருகிறது. குழல் செய்பவர்கள் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று வெட்டுகிறார்கள். அந்தப் புரியில் வெளிப்படும் குண்டு நொடிக்கு நான்காயிரம் முறைக்கு மேல் சுழலும். பழைய .308 குழல்கள் பல 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அவற்றில் இன்றைய நீளக் குண்டைச் சுட்டால் நிலைகொள்ளாமல் தாளில் பக்கவாட்டாகப் பதியும். தோட்டாவை முதலில், குழலைப் பிறகு என்று நான் தொடங்கியதன் காரணம் இதுவே.

உறையின் அடிப்பாகத்திலும் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மவுசர் தோட்டாக்கள் 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள அடிப்பாகத்தோடு வந்தன. .30-06, .308, 6.5 கிரீட்மோர் எல்லாமே அந்த அளவைத்தான் வைத்திருக்கின்றன. .284 வின்செஸ்டரின் உடல் அதைவிடப் பருத்தது, ஆனாலும் அடியை மட்டும் 12 மில்லிமீட்டராகச் சிறுத்துச் செய்தார்கள். ஆகவே இந்தக் குடும்பத்துக்குள் ஒரு போல்ட்டை வைத்துக்கொண்டு குழலை மட்டும் மாற்றலாம். .303, .300 வின்செஸ்டர் மேக்னம், .338 லாபுவா மேக்னம் ஆகியவை இந்தக் குடும்பத்துக்கு வெளியே நிற்கின்றன.

*

இந்தியாவில் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில் இயற்பியலோடு சட்டமும் உட்கார்ந்திருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், .303 அல்லது 7.62 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய ரைபிள்களைத் தடைசெய்த துளை என்று வகைப்படுத்துகின்றன. .308 வின்செஸ்டர் ரைபிளில் 7.62 ராணுவத் தோட்டா பொருந்தும். ஆகவே உலகமெங்கும் தொடக்கக்காரர் கையில் எடுக்கும் .308, இங்கே மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் தொட முடியாதது. ராணுவத் தோட்டாக்களின் மீதான இப்படிப்பட்ட தடைகளின் விளைவாகத்தான் .315 ரைபிள் நம் ஊர்களில் பரவியது. பழைய ஆஸ்திரிய மன்லிக்கர் தோட்டாவிலிருந்து வந்த 8 மில்லிமீட்டர் தோட்டா அது. அரசுத் தொழிற்சாலைகள் செய்தன. கனத்த, மொட்டை மூக்குக் குண்டு. நூறு மீட்டருக்குள் பன்றியை வீழ்த்தச் செய்தது. 500 மீட்டருக்கு அப்பால் அதனிடம் குறித்துல்லியம் எதிர்பார்ப்பது அதற்கு நியாயம் செய்வதாகாது.

மலையடிவார ஊர்களில் துப்பாக்கி வேட்டையோடுதான் பழகியது. ராஜபாளையம் நாயும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்த இனம்தான். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடித்துவைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள் 1988இல் சாம்பல்நிற மலை அணிலின் சரணாலயமாயின. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயின. அது சரியான முடிவு என்று முழுமனதோடு நம்புகிறேன். சுடுவதில் ஆசை உள்ளவருக்கு மிஞ்சியது தாள் இலக்கு. அந்த இலக்கில்தான் அறிவியல் மிகக் கூர்மையாகச் சோதிக்கப்படுகிறது. அதுவும் அனுமதி பெற்ற, மண்மேடு கட்டிய குறிமைதானத்தில் மட்டுமே. .308 குண்டு கட்டுமீறினால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும்.

இந்தியா 1000 கெஜப் போட்டியைப் பார்க்காத நாடும் அல்ல. 2010 தில்லி காமன்வெல்த் விளையாட்டின்போது குருகிராம் அருகே கதர்பூர் மத்திய ரிசர்வ் போலீஸ் வளாகத்தில் ஃபுல்போர் என்ற பெருந்துளை ரைபிள் போட்டி நடந்தது. தனிநபர் தங்கம் இங்கிலாந்தின் பராக் பட்டேலுக்கு. எல்லோரும் ஒரே 7.62 வகைத் தோட்டாவில் சுட வேண்டிய போட்டி அது. தோட்டா சமமாகிவிட்டால் காற்றைப் படிப்பவரே வெல்வார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அப்படியானால் ராஜபாளையத்தில் இருக்கும் ஒருவர் எந்தத் தோட்டாவை எடுப்பது? என் பதில் .22 லாங் ரைபிளில் தொடங்குகிறது. தமிழ்நாட்டுக் குறிமைதானங்கள் 10, 25, 50 மீட்டர் போட்டிகளுக்குத்தான் பெரும்பாலும் கட்டப்பட்டவை. 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டபோது அப்படிப்பட்ட மைதானத்தைப் பலர் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 50 மீட்டரில் .22 குண்டின் மேல் காற்று செய்யும் வேலை, வளையத்தின் அளவோடு ஒப்பிட்டால், சிறியதல்ல. நொடிக்கு ஒரு மீட்டர் காற்று அதை அரை சென்டிமீட்டருக்கு மேல் தள்ளுகிறது. பத்தாம் வளையத்தின் ஆரமே அவ்வளவுதான். காற்றுப் பாடத்தை மலிவாகவும் சட்டத்துக்கு உட்பட்டும் படிக்க இதைவிட நல்ல தோட்டா கிடையாது.

அதற்கு மேலே போகத் தகுதியும் உரிமமும் பெற்றவருக்கு, 300 மீட்டர் போட்டிதான் குறி என்றால் 6.5×47 லாபுவா. ஃபின்லாந்தின் லாபுவாவும் சுவிட்சர்லாந்தின் குரூனிக் அண்ட் எல்மிகரும் சேர்ந்து 2005இல் அந்தப் போட்டிக்காகவே செய்தது. 1000 கெஜம்வரை பார்க்க வேண்டும், குழலும் நீடிக்க வேண்டும் என்றால் 6.5 கிரீட்மோர். இரண்டுமே தடைசெய்த துளைகளின் வரையறைக்கு வெளியே நிற்கின்றன. .338 லாபுவா மேக்னம் 1500 மீட்டருக்கு ராணுவங்கள் தேடும் தோட்டா. அதன் குண்டு மட்டுமே கிரீட்மோர் குண்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உந்தத்தைத் தோளில் திருப்பிக் கொடுக்கும். தாளில் குறிபார்க்க அது தேவையே இல்லை என்பது என் கருத்து. உதைக்குப் பயந்து உடல் கூசத் தொடங்கினால் எந்தக் கணக்கும் உதவாது.

பிறகு கிடைக்கும் வழி. தனிநபர் துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவிலிருந்து பெரும்பாலும் மூடிக்கிடக்கிறது. போட்டிகளில் தேறிய வீரர்களுக்கே விலக்கு. ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதை உரிமத்திலேயே எழுதிவிடுகிறார்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லக்கூடும், அப்படி ஒப்படைத்தால் பயிற்சி அத்தனை வாரம் நிற்கும். ஆகவே தோட்டாவின் பெயரைத் தீர்மானிக்கும் முன் அதை ஆண்டுதோறும் தடையில்லாமல் வாங்க முடியுமா என்று விசாரிப்பது, தாமதக் கணக்குக்கு நிகரான வேலை.

வாங்கும்போது பெட்டியின்மேல் அச்சிட்ட லாட் எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விலை என்றாலும் ஒவ்வொரு லாட்டிலும் மருந்தின் கலவையும் பிரைமரின் சூடும் துளி மாறும். ஒரு லாட் ஒரு குழலில் ஒரே துளையாகக் குவியும், அடுத்த லாட் அதே குழலில் சிதறும். ஒலிம்பிக் வீரர்கள் தங்கள் குழலைப் பிடிப்புச் சட்டத்தில் இறுக்கி, பல லாட்டுகளைச் சுட்டுப் பார்த்து, குவியும் லாட்டிலேயே அந்தப் பருவம் முழுவதற்கும் வாங்கி வைக்கிறார்கள். நம் ஊர் வீரருக்கு அத்தனை வசதி இல்லாவிட்டாலும், மூன்று நான்கு லாட்டுகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, காற்றடங்கிய விடியற்காலையில் ஒவ்வொன்றிலும் பத்துச் சுற்றுகளாகப் பல தாள்கள் சுட்டு, மேலும் கீழுமான சிதறலை மட்டும் அளந்து பார்க்கலாம். பக்கவாட்டுச் சிதறலில் காற்றின் பங்கு கலந்திருக்கும். மேலும் கீழுமானது பெரும்பாலும் தோட்டாவின் வேகச் சீரையே சொல்லும்.